தொழில் கற்ற பிள்ளை சும்மா இருப்பதேன்?

மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய இவ்விழாவன்று, மண்வெட்டி, அரிவாள், கொத்தனாரின் கரண்டி, தச்சரின் இழைப்புளி முதலியவற்றைப் பீடத்தருகே வைத்து மந்திரிப்பது நமது மலைப்பங்கின் வழக்கம். சென்ற ஆண்டு அக்கருவிகளின் நடுவே ஒரு நீலநிறக் கோப்பும் இருந்தது. பூண்டுத் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் விதவைத் தாய் ஒருவர், தம் மகனின் தொழிற்பயிற்சிச் சான்றிதழை அதில் வைத்திருந்தார்.

திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் வந்தார். "சாமி, நீங்க சொல்லித்தான படிக்க வச்சேன். ரெண்டு வருசம் முடிஞ்சு எட்டு மாசமாச்சு. இவன் இன்னும் சும்மாதான் இருக்கான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

ஆம், நாமே சொன்னோம். கீழே சமவெளியில் ஒரு பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தோம். நமது இளமையில் பிட்டர் என்றால் மதுரையிலோ கோவையிலோ ஆலை வேலை நிச்சயம் என்பார்கள். அந்தப் பழைய நினைவே நமக்கு வழிகாட்டியது. பையன் எங்கே வாழப்போகிறான், அங்கே அவனுக்கு யார் வேலை கொடுப்பார் என்று நாம் கேட்கவில்லை. தந்தையை இழந்தவன், நோயாளித் தாயை விட்டு ஓசூருக்கோ சென்னைக்கோ போக இயலாதவன் என்பதை அறிந்திருந்தும் கேட்கவில்லை.

அதே வாரத்தில், நமக்கு அறிமுகமான தங்கும் விடுதி உரிமையாளர் ஒருவரைச் சந்தித்தோம். கொடைக்கானலில் மே மாதம் எப்படியிருக்கும் என்பதை வாசகர் அறிவர். மலையேறும் வண்டிகளின் பெருக்கத்தால் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச் சீட்டு முறையே நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட நெரிசலில் அவர் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். "ஃபாதர், சுடுதண்ணீர் வரவில்லை. மிஷினைச் சரிசெய்ய வத்தலக்குண்டிலிருந்து ஆள் வரவேண்டும். அவன் வருவதற்குள் பாதி அறை காலியாகிவிடும்" என்றார்.

நாம் அப்பையனைப் பற்றிச் சொன்னோம். அவர் அவனை அழைத்துப் பேசியும் பார்த்தார். இரும்பை அராவவும், அளவு பார்க்கவும், துளையிடவும் அவன் நன்றாகவே கற்றிருந்தான். ஆனால் சூரிய வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவியை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. "நீங்களே கற்றுக்கொடுக்கலாகாதா?" என்று கேட்டோம். "கற்றுக்கொடுத்தால் அடுத்த வருஷமே பக்கத்து ஓட்டலுக்குப் போய்விடுவான், ஃபாதர்" என்றார். ஆளில்லாத வேலையும் வேலையில்லாத ஆளும் ஒரே ஊரில் இருந்தனர். இரண்டையும் சேர்க்கும் பொறுப்பைத்தான் எவரும் ஏற்கவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமன்று. தமிழகத்தில் 2022 இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தனியார் பங்களிப்புடன் நவீன எந்திரங்களோடு தரம் உயர்த்தப்பட்டன. ரோபோ இயக்கமும் மின்வாகனப் பழுதுபார்ப்பும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. பெருந்தொழிற்சாலைகள் உள்ள இடங்களுக்கு அவை மிகவும் தேவை. ஆனால் பழனி மலைத்தொடரில் வேலை கொடுப்போர் சிறு விடுதிக்காரர்களும், தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பகுதிகளின் காப்பித் தோட்டக்காரர்களும், மலைப்பாதையில் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர்களுமே ஆவர். தலைக்கு ஓர் ஆள், இரண்டு ஆள் தேடும் இவர்களின் தேவை எந்தப் பாடத்திட்டத்தின் காதிலும் எளிதில் விழுவதில்லை.

ஆகவே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நாமே புறப்பட்டோம். "உங்களுக்கு எத்தகைய ஆள் வேண்டும்?" என்று கேட்டபோது, "நல்ல பையனாக இருந்தால் போதும்" என்ற விடையே எங்கும் கிடைத்தது. பிறகு கேள்வியை மாற்றினோம். "சென்ற ஆண்டு எந்த எந்த வேலைக்குக் கீழிருந்து ஆளை வரவழைத்தீர்கள்?" என்று கேட்டதும் பக்கங்கள் நிரம்பின. தண்ணீர்க் குழாய், பம்பு, சுடுநீர்க் கருவி, மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனப் பெட்டி, காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் எந்திரத்தின் மோட்டார், ஜீப்பின் பிரேக் என்று பட்டியல் நீண்டது.

ஆயினும் முதலாளியின் தேவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கும் இம்மலையே சாட்சி. 1984 இல் இங்கு ஒரு வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நம் மக்கள் கண்ணாடியிலும் பாதரசத்திலும் வேலை பழகினர். பாதரச மாசு வெளிப்பட்டபின் 2001 இல் அது மூடப்பட்டது. தங்களுக்குப் போதிய எச்சரிக்கையும் பாதுகாப்பும் தரப்படவில்லை என்று தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதை மறுத்தது. 2016 இல் முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக உடன்பாடு ஏற்படப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஒரே கதவுக்குரிய திறவுகோலைப் போன்ற திறமை, அக்கதவு மூடப்பட்டால் பயனற்றுப் போகிறது. தான் தொடும் பொருளின் தீங்கை அறியும் கல்வியும் தொழிற்கல்வியின் ஒரு பாகமே.

இத்தருணத்தில் குருமடத்தில் படித்த ஒரு செய்தி நமது நினைவுக்கு வந்தது. 1852 இல் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ, ஓர் ஏழைச் சிறுவனுக்காகத் தச்சர் ஒருவருடன் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்தார். குறித்த காலத்துக்குள் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது. அடியாமல் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். ஞாயிறும் திருநாட்களும் ஓய்வு. ஊதியம் படிப்படியாக உயர வேண்டும். இத்தனையும் அதில் இருந்தன. சிறுவனும் கீழ்ப்படிந்து உழைப்பதாக வாக்களித்தான். இன்று ஜெர்மனி நாட்டில் வாரத்தில் சில நாள் தொழிலகத்திலும் சில நாள் பள்ளியிலும் பயிலும் முறை உண்டு. நமது நாட்டிலும் 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் உண்டு. 2019 இல் திருத்தப்பட்ட விதிகள், நான்கு ஊழியர் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம் என்றும், முப்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ளோர் சேர்த்தே ஆகவேண்டும் என்றும் வகுத்தன. 2016 இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டம், பழகுநரின் உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசே ஏற்க வழிசெய்தது. நாம் சந்தித்த விடுதிக்காரர்களில் ஒருவர்கூட இதை அறிந்திருக்கவில்லை. அதுவரை நாமும் அறியோம்!

மீண்டும் அவ்விடுதி உரிமையாளரிடம் சென்றோம். பையனும் தாயும் உடனிருந்தனர். நால்வரும் அமர்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஆறு மாதம் கற்பிப்பது, பெட்டி தூக்கவும் மேசை துடைக்கவும் அனுப்பாதிருப்பது, குறித்த ஊதியம் தருவது, ஞாயிறு காலை விடுவது ஆகியன அவர் தந்த வாக்கு. கற்றபின் ஓராண்டு அங்கேயே உழைப்பது பையன் தந்த வாக்கு. சட்டப்படி பதிவு செய்யும் பணியை நாம் ஏற்றோம். தாய் கையெழுத்திடத் தெரியாமல் பெருவிரலைப் பதித்தார்.

இவ்வாறு மூவரைச் சேர்த்தோம். ஒருவன் மூன்றே வாரத்தில் விட்டுவிட்டான். மற்றொருவன் பட்டறையில் பொறுமையாகக் கற்றுவருகிறான். மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, அவ்விடுதி உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். "ராத்திரி பம்ப் நின்றுவிட்டது, ஃபாதர். பையனே சரிசெய்துவிட்டான். வத்தலக்குண்டுக்குப் போன் போடவில்லை" என்றார்.

அன்புப் பெற்றோரே, பிள்ளையைத் தொழிற்கல்விக்கு அனுப்புமுன் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள். கற்றபின் வேலை எங்கே, அவ்வேலையைச் செய்வோர் என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். வேலை கொடுக்கும் சகோதரரே, ஆள் இல்லை என்று வருந்துவோர் ஒருவனுக்கேனும் கற்றுக்கொடுங்கள். நாசரேத்தில் நமதாண்டவரும் ஒரு தச்சரின் அருகில் நின்றுதான் தொழில் பழகினார்.

வரும் மே முதல் நாளன்று அந்நோட்டுப் புத்தகத்தையும் கருவிகளோடு பீடத்தருகே வைக்க எண்ணியுள்ளோம். அதில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாக உள்ளன. வேலை தரக்கூடியோர் திருப்பலிக்குப் பின் நம்மைச் சந்திக்கும்படி அன்புடன் வேண்டுகிறோம்.