கோட்டம் எடுத்தல்

கடந்த மே மாதம் நம் சைக்கிளின் பின்சக்கரத்தில் மூன்றாவது முறையாகக் கம்பி முறிந்தது. முந்தைய இரண்டு முறையைப் போலவே ஃப்ரீவீல் இருக்கும் வலப்பக்கத்தில், கம்பி ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் அந்த முழங்கையிடத்தில். பாளையங்கோட்டையில் நாம் வழக்கமாகச் செல்லும் கடையின் அண்ணாச்சி சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரிம்மே திருகிட்டு சார். இனிமே கோட்டம் எடுத்தாலும் நிக்காது. முழு வீலா மாத்திருங்க. 2,600 ஆகும்.”

கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் பணியாற்றுகிறவர்களுக்கு மே மாதம் என்றால் என்ன என்பது இதை வாசிப்போரில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். கல்லூரிக்கு விடுமுறை, நமக்கு ஊதியத்துக்கும் விடுமுறை. பட்டம் பெற்று இருபதாண்டு கடந்தும் பெயருக்கு முன்னுள்ள ‘கௌரவ’த்தைப் பதினோரு மாதங்கள் மட்டுமே காப்பாற்ற முடிகிறது. ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். போவதற்குச் சக்கரம் வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து வீட்டிலிருந்த மகள்தான், “நாமளே கட்டுவோம்ப்பா” என்றாள். கணக்குப் போட்டோம். 36 துளையுள்ள இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் 950 ரூபாய். கம்பியும் நிப்பிளும் சேர்த்து ஒன்று எட்டு ரூபாய் வீதம் 288. ஃப்ரீவீலைக் கழற்ற 40, நிப்பிள் சாவிக்கு 60. மொத்தம் 1,338. பழைய ஹப் நன்றாகவே இருந்தது. வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும் என்று அண்ணாச்சியே அளந்து, பதினெட்டுப் பதினெட்டாகத் தனித்தனி ரப்பர் பட்டையிட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் முழுவதும் கம்பி கோத்ததில் போயிற்று. ஹப்பின் ஒரு பக்கத்தில் பதினெட்டுக் கம்பிகள். அவற்றில் ஒன்பது உட்புறமாகவும் ஒன்பது வெளிப்புறமாகவும் வர வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்து எதிர்த்திசைக் கம்பிகள் மூன்றைக் கடக்க வேண்டும். முதலிரண்டை ஒரு புறமாகவும் மூன்றாவதை மறுபுறமாகவும். பாய் முடைவது போன்ற இவ்வேலையை முடித்து நிமிர்ந்தபோது, வால்வுத் துளை இரு கம்பிகள் நெருங்கிக் கூடும் இடுக்கில் அகப்பட்டிருந்தது. காற்றடிக்கும் பம்பின் வாய் அங்கே நுழையாது. இடையில் ஹப்பைத் தவறான திசையில் திருப்பியிருக்கிறோம். முப்பத்தாறையும் அவிழ்த்தோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமலிருந்ததுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்கவையில் தென்னை ஈர்க்கு ஒன்றை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் கட்டினோம். சக்கரம் சுழலும்போது ஈர்க்கு உரசும் இடமே கோட்டம். வலப்புறம் வளைந்திருந்தால் அங்கே இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ‘கோட்டம்’ என்பது கடைக்காரர் சொல் மட்டுமன்று. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் சொல்லும் அதுவே. வகுப்பில் அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறோம். விரலால் தொட்டது அன்றுதான்.

மாலையில் நேராகிவிட்டது என்று மகிழ்ந்து, சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டினோம். நடுவில் அமைந்த சக்கரமானால் இரு நிலையிலும் ஈர்க்குக்கும் ரிம்முக்கும் ஒரே இடைவெளி இருக்கும். நான்கு மில்லிமீட்டர் வேறுபட்டது. கோட்டமில்லாமல் ஓடியது, ஆனால் ஓடியது நடுவிலன்று. மீண்டும் வலப்பக்கம் பதினெட்டையும் அரைச் சுற்று, பின் கால் சுற்று.

ஃப்ரீவீலுக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி அமைகிறது. ஆகவே அப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று மிகுதியான இழுப்பைத் தாங்குகின்றன. முறிவது பெரும்பாலும் அவையே. அவை மெலிந்தவை என்பதால் அன்று. நிறுத்தப்பட்ட இடம் அத்தகையது.

இன்னொன்றும் அறிந்தோம். இறுக்கத்தைவிடத் தளர்வே கம்பியைக் கொல்கிறது. சக்கரத்தின் அடிப்பகுதிக்கு வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பை இழந்து மீண்டும் பெறுகின்றன. 1981இல் வெளிவந்த மிதிவண்டிச் சக்கரம் பற்றிய நூலில் ஜாப்ஸ்ட் பிராண்ட் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். கல்லூரிக்கு ஒருமுறை போனால் சுமார் 4,300 சுற்று. தளர்ந்த கம்பி அத்தனை முறையும் அசைந்து, வளைவிடத்தில் களைத்து அறுகிறது. இழுப்பைச் சமப்படுத்த நம்மிடம் கருவியில்லை, காதுதான். ஒரு பக்கக் கம்பிகளை வரிசையாக மீட்டினால் ஒரே சுருதி வரவேண்டும். மகளின் காது நம் காதைவிடக் கூர்மை. “இது கீழ இருக்குப்பா” என்பாள், கால் சுற்று. பிறகு இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்தோம். ‘டிக் டிக்’ என்று அவை இருக்கையில் அமர்ந்தன. மறுபடியும் கோட்டம், மறுபடியும் ஈர்க்கு.

நான்காம் நாள் இரவுதான் முடிந்தது. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை ஒரு தச்சன் செய்த சக்கரத்துக்கு ஒப்பிடுகிறார்: நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன், ஒரு மாதம் முனைந்து செய்த ஒற்றைக் கால். உயர்வு நவிற்சி என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வல்லவனுக்கே ஒரு மாதம் ஏன் என்று மாணவர் எவரும் கேட்டதில்லை; நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் சக்கரத்தை அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். சுழற்றினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு கம்பியை மீட்டினார். “யாரு கட்டினது?” என்றார். மகளைக் காட்டினோம். இதை எழுதும் இன்றுவரை, நான்கு மாதத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் ஒரு கம்பிகூட முறியவில்லை. ஆனால் சொல்ல வந்தது அதுவன்று.

அண்ணாச்சி உள்ளேயிருந்து வேறொருவரின் சக்கரத்தை எடுத்து வந்தார். “இதுக்கும் கோட்டம் எடுத்துத் தர்றியாம்மா?” அவள் நம் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த வருமானம் அது ஒன்றுதான்.