வில்லியனூர் போட்டி வறுவலும் போஜொலேவும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே பத்து கிலோமீட்டர் போனால் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை முன்பு பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்து இழுப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். அதே ஊரில் 1877-இல் எழுந்த லூர்து மாதா கோயில், எதிரே குளம். இந்தப் பக்கத்துக் கிராமத்தார் திராட்சை ரசத்தை முதலில் கண்டது குருவானவர் கையிலிருந்த பூசைக் கிண்ணத்தில்தான் என்பது என் ஊகம்.

மண்ணைத் தோண்டினால் கதை இன்னும் பழையது. அரியாங்குப்பம் ஆற்றோரத்து அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஒயின் வந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டாகச் சீமை மது வந்து இறங்கும் கரை இது. ஆனாலும் வில்லியனூர், பாகூர் வயல்காட்டு மனிதருக்குக் குடி என்றால் கள்தான், அடுத்தது சாராயம்.

பாகூர் பக்கம் போனால் எல்லையே விளங்காது. ஒரு வயல் புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள்; 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நாடு மாறியது, குடிச் சட்டம் மட்டும் தனியாகவே நின்றது. தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. வரப்புக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை ஏலம் போகிறது.

பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து ஓய்வூதியம் வாங்குகிறவரை இங்கே 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் ஒரு புட்டி சிவப்பு ஒயின் இருக்கும், பெரும்பாலும் போர்தோ. மரியாதைக்கு வாங்கியது. அதை அந்தப் புழுக்கத்தில் அலமாரியிலேயே வைத்திருந்து, வஞ்சிரம் வறுவலோடு திறப்பார்கள். கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கு இழுக்கும். மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல் ஏறும், மீனோடு சேர்ந்தால் இரும்பு வாடை அடிக்கும். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று டம்ளரைத் தள்ளி வைப்பார்.

என்னைக் கேட்டால் பெட்டியில் வரவேண்டியது போஜொலே. லியோன் நகருக்கு வடக்கே, கமே என்ற திராட்சையில் செய்வது. குலையை நசுக்காமல் அப்படியே தொட்டியில் போட்டு மூடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்கிவிடும். அதனால் துவர்ப்பு குறைவு, பழவாசனை தூக்கல். செப்டம்பர் வாக்கில் அறுத்த பழத்தின் புது ஒயின் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வருகிறது. 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் இந்தக் கொடியை மட்டமானது என்று பிடுங்கச் சொன்னார். அது தெற்கே போஜொலேயில் பிழைத்துக்கொண்டது. எல்லை தாண்டிப் பிழைத்த கள்ளுக்கு இதைவிட நெருங்கிய உறவு ஏது?

சாப்பாட்டிலும் பொருத்தம் உண்டு. லியோனில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் போஜொலேக்குத் துணை குடலும், ரத்தம் அடைத்த குழலும். நம் பக்கத்தில் போட்டி வறுவல், ரத்தப் பொரியல். மிளகைத் தூக்கி மிளகாயைக் குறைத்தால் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது வடவம் தாளித்த ஆட்டுக்கறிக் குழம்பு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம் எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தடவி உருட்டி, வெயிலில் காயவைத்த அந்த உருண்டை பிரெஞ்சுச் சமையற்காரர் கையில் 'வடூவான்' ஆகிவிட்டது. குழம்பின் கொழுப்பை ஒயினின் புளிப்பு அறுக்கும். தொட்டுக்கொள்ள ரொட்டி இருந்தால் நல்லது. நம் வீட்டு இட்லியும் மோசமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக்கூடாது என்று யாராவது சொன்னால், அவர் பாகூர் வெயிலைப் பார்க்காதவர். போஜொலே 13 டிகிரியில் இருந்தால்தான் ருசி. அந்த அளவுக்குக் குளிரும்வரை குளிர்பெட்டியில் வையுங்கள். மின்சாரம் போய்விட்டால் பனிக்கட்டி போட்ட தண்ணீர் வாளி. திறந்த புட்டியை மறுநாளுக்கு மிச்சம் வைக்க வேண்டாம். காலையில் இறக்கிய கள்ளை யார் மறுநாளுக்கு வைக்கிறார்கள்?