அப்பாவும் சோப்பு நுரையும்

அப்பாவுக்கு 72 வயசு. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து டபரா செட்டோடதான் விடியும். போன வருஷம் வாய்க்குள்ள ரேடியேஷன் கொடுத்தாங்க. மூணாவது வாரம் நாக்கெல்லாம் புண். சூடா எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்ல, அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப காபி?"

ஆறவச்சு, லைட்டா குடிக்கலாமாம். ஆறின காபியை அப்பா ஒரு வாய் வச்சுட்டு டம்ளரைத் தள்ளிட்டார். சோறும் இறங்கலை, எடை 5 கிலோ குறைஞ்சாச்சு. பாலும் சர்க்கரையுமாவது உள்ளே போகட்டுமேன்னு கோல்டு காபி ஆராய்ச்சியில் குதிச்சேன்.

முதல்ல நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷனை ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்திக் குலுக்கினேன். நுரை வந்த வேகத்துல படுத்துடுச்சு. தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க... அவ்வ்வ்.

அப்புறம்தான் புரிஞ்சுது. டிகாக்‌ஷன்ல கொட்டையோட எண்ணெய் இருக்கு, அது குமிழியை உடைச்சிடும். இன்ஸ்டன்ட் பொடியில எண்ணெய் ரொம்பக் கம்மி, அதனால நுரை நிக்கும். 1957-ல கிரீஸ்ல தெசலோனிக்கி கண்காட்சியில நெஸ்லே ஊழியர் திமித்ரிஸ் வகோந்தியோஸ், வெந்நீர் கிடைக்காம பொடியைப் பச்சைத்தண்ணியோட ஷேக்கர்ல போட்டுக் குலுக்கினாராம். கிரேக்கர்களோட ஃப்ராப்பே பொறந்த கதை இதுதான். 2020 ஊரடங்குல எல்லாரும் கை வலிக்க அடிச்சோமே டல்கோனா, அதுக்கும் இதே பொடிதான்.

செய்முறை: சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் பொடி ஒரு ஸ்பூன் (அப்பாவுக்கு அரை), சர்க்கரை ரெண்டு, பச்சைத்தண்ணி மூணு ஸ்பூன். மூடியை இறுக்கி அரை நிமிஷம் குலுக்கணும். தண்ணி ஜாஸ்தியானா போச்சு. கெட்டியா நுரைச்சப்புறம்தான் குளிர்ந்த பால்.

அப்பா முறைச்சார். "என்னடா இது, ஷேவிங் க்ரீமா?" ஸ்பூனால நுரையை மட்டும் எடுத்து நாக்குல வச்சார். எரியலை போல. பேசாம முழு டம்ளரையும் காலி பண்ணிட்டு, "வாசனை பத்தலை"ன்னார். மறுநாள்லேர்ந்து அடியில ரெண்டு ஸ்பூன் ஆறின டிகாக்‌ஷன், மேலே நுரை. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் போச்சு. அம்மா சமையக்கட்டுல திரும்பி நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டது எனக்குத் தெரியும்.

இப்போ புண் ஆறி, காலையில டபரா திரும்ப வந்தாச்சு. ஆனா மத்தியானம் நாலு மணிக்கு, "டேய், அந்த சோப்பு நுரை உண்டா?"

டிஸ்கி: மிக்ஸியில அடிக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு - அடிக்கலாம். ஆனா மூடியை அமுக்கிப் பிடிங்க. எங்க வீட்டு சுவத்துல இன்னும் கறை இருக்கு.