ஆயிரத்து நானூறு ரூபாய்ப் பெட்டி



உம்ராவுக்கு நாள் குறித்த வீடுகளிலிருந்து எங்களைத் தேடி வருவோர் நிய்யத்தைப் பற்றிக் கேட்பார்கள். இஹ்ராம் உடுத்தும் எல்லையைப் பற்றிக் கேட்பார்கள். தவாஃபின் இடையில் உளூ முறிந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். எல்லாம் கேட்டு முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹஜ்ரத், பெட்டி எது வாங்கலாம்? விலை குறைஞ்சது போதுமா, நல்லதாப் பார்த்து வாங்கணுமா?" என்று ஒருவராவது கேட்காமல் போவதில்லை. முந்தைய கேள்விகளுக்குக் கிதாபைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு எங்களிடம் இருப்பது ஒரு பழைய வெட்கம் மட்டுமே. கேட்டவர்கள் பலர் ஆகிவிட்டதால் அதை இங்கே எழுதிவைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் வீட்டாரும் உம்மாவும் ஆக மூவர், மேலப்பாளையத்திலிருந்து முதன்முறையாக உம்ராவுக்குப் புறப்பட்டோம். மத்ரஸாச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், வீட்டார் தையலில் சேர்த்ததும், உம்மாவின் ஒரு ஜோடி வளையலும் குழுக் கட்டணத்துக்குச் சரியாகப் போயின. பெட்டி என்பது கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது. ஜங்ஷன் பக்கம் நடைபாதையோரக் கடையொன்றில் 1,400 ரூபாய்க்குப் பெரிய பெட்டி ஒன்றைக் கால் மணி நேரத்தில் வாங்கி முடித்தோம். வீட்டார் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "மூலையில சிக்குது, இன்னும் கொஞ்சம் போட்டு வேற பார்க்கலாமே" என்றார்கள்.

அப்போது நாங்கள் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பழைய சேணம் ஒன்றின் மீது, நான்கு திர்ஹம் பெறுமோ பெறாதோ என்னும்படியான துணி விரித்து ஹஜ் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இப்னு மாஜாவில் ஒரு செய்தி வருகிறது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நாங்கள் நடத்துவது. அதை நடைபாதையில் நின்று எடுத்துச் சொன்னோம். ஹதீஸைச் சொன்ன பிறகு வீட்டார் எதிர்த்துப் பேசுவார்களா? பேசவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்தது.

புறப்படுவதற்கு முந்தைய இரவு எதிர்வீட்டுப் பெத்தும்மா ஒரு பொதியைக் கொண்டுவந்தார்கள். அதில் கஃபன் துணி இருந்தது. பெண்ணுக்குரிய ஐந்து துண்டுகளுக்கும் போதுமான வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாதது. அதை ஜம்ஜம் நீரில் நனைத்து, உலர்த்திக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். இப்படிச் செய்யுமாறு மார்க்கம் கட்டளையிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவர், தம் மரணத்தை நினைத்து வாங்கிய துணியோடு வாசலில் நிற்கும்போது, அவர்களிடம் தர்க்கம் செய்ய மனம் வரவில்லை. "இது பீடி சுத்திச் சேர்த்த காசு வாப்பா. மகன் காசும் இல்லே, மருமகன் காசும் இல்லே. என் கைக்காசு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மேலப்பாளையத்துப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடி சுற்றுவதற்குள் முதுகு என்ன பாடுபடும் என்பதை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொதியைப் பெட்டியின் மேல்புறத்தில், ஜிப்பை ஒட்டி வைத்தோம். எளிதாக எடுக்கலாம் என்பது எண்ணம்.

திருவனந்தபுரத்தில் ஏற்றிவிட்ட பெட்டி ஜித்தாவில் சுழல்பட்டையில் வந்தபோது, ஒரு மூலையில் ஜிப் முழுவதும் பிரிந்து வாய் திறந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணவில்லை. உம்மாவின் மேலாடை ஒன்று பாதி வெளியே தொங்கியது. பதற்றத்தில் அதை உள்ளே திணித்து, இழுத்துக்கொண்டு பேருந்தை நோக்கி ஓடினோம். சேதம் கண்டால், நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே பெட்டி முறைப்பாட்டு முகப்பில் எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்கிவிட வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நீங்களாவது தெரிந்துவைத்துக் கொள்ளுங்கள்.

மக்காவில் எங்கள் தங்குமிடம் மிஸ்ஃபலாப் பகுதியில் ஒரு மேட்டின் மேல் இருந்தது. மூன்று சக்கரப் பெட்டி மேட்டில் ஏறாது. தலையிலும் தோளிலும் மாறி மாறிச் சுமந்தோம். வீட்டாரிடம் மற்றப் பைகள் இருந்தன. முழங்கால் வலியுள்ள உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி வந்தார்கள். அவர்களைப் பிடித்து அழைத்துச் செல்வதற்காகவே உடன் வந்த கை, அந்நேரம் பெட்டியைப் பிடித்திருந்தது.

அறைக்கு வந்து திறந்து பார்த்தபோது பொதி இல்லை.

குழுவினரிடம் கேட்டோம். விமான நிலையத்துக்கு ஆள் விட்டுக் கேட்டோம். கிடைக்கவில்லை. உடைந்த பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பலாம் என்றால், ஜித்தாவில் கயிறு கட்டிய பெட்டியையும் துணி மூட்டையையும் ஏற்கமாட்டார்கள் என்று குழுத் தலைவர் சொன்னார். ஆகவே அங்கேயே 120 ரியால் கொடுத்து இன்னொரு பெட்டி வாங்கினோம். நடைபாதையில் நாங்கள் மிச்சப்படுத்தியதாக எண்ணியது அத்தோடு கரைந்து, மேலும் ஆயிரத்துக்கு மேல் கையைக் கடித்தது. அது பணம்தான், போகட்டும்.

துணிதான் உறுத்தியது. அங்காடியில் அதே போன்ற வெள்ளைத் துணி வாங்கினோம். அறையிலேயே ஜம்ஜமில் நனைத்துப் பிழிந்து, உலர்த்தி மடித்தோம். மடித்த பிறகு பார்த்தால் பெத்தும்மா கொடுத்ததற்கும் இதற்கும் வேற்றுமை தெரியவில்லை. அப்போதுதான் உள்ளத்தில் அந்த எண்ணம் எழுந்தது: சொல்லாமல் கொடுத்துவிட்டால் என்ன? முதியவர் ஏன் வருந்த வேண்டும்? பொய் சொல்லப் போவதில்லை, கேட்டால்தானே? மறைப்பதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை, ஹரமிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். வீட்டார்தான் துணியைக் கையில் எடுத்து, "அவங்க கைக்காசுன்னு சொன்னாங்களே. இது அந்தக் காசு இல்லையே" என்றார்கள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அஸருக்குப் பின் எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். பெத்தும்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "துணிதானே வாப்பா. மூணு பேரும் நல்லபடியா வந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "பெட்டி என்ன விலை?" என்று கேட்டார்கள். ஆயிரத்து நானூறு என்றோம்.

"என் துணியே ஆயிரத்து அறுநூறாச்சே" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் குத்தல் ஏதும் இல்லை. ஆனால் எங்களுக்கு நா எழவில்லை. அமானிதமாகக் கொடுக்கப்பட்ட பொருளை அதற்குத் தகுந்த காப்பிடத்தில் வைக்க வேண்டும். காப்பவரின் அலட்சியம் இன்றித் தொலைந்தால் அவர்மீது ஈடு இல்லை, அலட்சியத்தால் தொலைந்தால் உண்டு என்று ஃபிக்ஹுப் பாடத்தில் நடத்துகிறோம். மாணவர்கள் கேட்பதற்காகப் பூட்டு, பேழை, களஞ்சியம் என்றெல்லாம் உதாரணம் சொல்வோம். மூலையில் சிக்கும் ஜிப் காப்பிடமா என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, வீட்டார் கேட்டார்கள். அவர்களுக்கு ஹதீஸைச் சொன்னோம். ஆகவே கொண்டுபோன துணியைப் பெத்தும்மாவின் முன் வைத்து, "இது அன்பளிப்பு இல்லை, உங்கள் துணிக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய ஈடு. இது உங்கள் உரிமை" என்று விளக்கினோம். அவர்கள் யோசித்து, "அப்போ இது என் காசுக்குப் பதில் வந்ததுதானே? சரி, அப்போ என் துணிதான்" என்று எடுத்துத் தம் டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். அந்த டிரங்குப் பெட்டி அவர்களின் கல்யாணத்துக்கு வந்ததாம். மூடி இன்றும் இறுக்கமாகப் பொருந்துகிறது.

பிறகு அந்த ஹதீஸுக்குத் திரும்பிப் போனோம். நபி (ஸல்) அவர்களின் சேணம் பழையது என்றுதான் செய்தி சொல்கிறது. உறுதியற்றது என்று சொல்லவில்லை. உழைத்துப் பழையதாகும் பொருளும், வாங்கிய மாதமே உடையும் பொருளும் ஒன்றாகிவிடுமா? புகாரியில் இன்னொரு செய்தியும் உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் சாதாரணச் சேணத்தில் ஹஜ்ஜுக்குச் சென்றதை அவர்களுடைய பேரர் ஸுமாமா (ரஹ்) அறிவிக்கும்போது, அவர் கஞ்சராக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறார். நபி (ஸல்) அவர்களைச் சுமந்த ஒட்டகமே அவர்களின் பயண மூட்டையையும் சுமந்தது என்பதும் அதே செய்தியில் வருகிறது. 'கஞ்சர் அல்லர்' என்னும் அந்தக் குறிப்பை ஆண்டுக்கணக்கில் வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறோம். எளிமைக்கும் கருமித்தனத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் என்பதால்தானே அறிவிப்பாளர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது? அன்று ஜங்ஷனில் நாங்கள் கொண்டிருந்தது எளிமை அன்று. "ஹஜ்ரத் எவ்வளவு சாதாரணப் பெட்டி வைத்திருக்கிறார், பாருங்கள்" என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்னும் ஆசையும் அதில் கலந்திருந்தது. முகஸ்துதி விலை உயர்ந்த பெட்டியில் மட்டும் பயணம் செய்வதில்லை.

அதற்காக விலை உயர்ந்ததே நல்லது என்றும் சொல்ல மாட்டோம். எங்கள் குழுவில் வந்த ஒருவர், பளபளப்பான பெட்டிக்கு உறை போட்டு, உறை அழுக்காகாமலிருக்க அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் சுற்றியிருந்தார். மதீனாவிலிருந்து புறப்படும்போது அதில் விழுந்த ஒரு கீறலைப் பற்றி அவர் பேசிய அளவுக்கு மதீனாவைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ராத்தா உம்ராவுக்குப் புறப்பட்டபோது, இம்முறை வீட்டாரை முன்னே விட்டு, டவுன் ரத வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. பூட்டிய பெட்டி ஒன்றை எடுத்து, பேனா முனையை ஜிப்பின் பற்களுக்கிடையில் குத்திப் பிளந்து, பிறகு ஜிப்பின் தலையை ஒரு முறை ஓட்டி, பழையபடியே மூடிக் காட்டினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது! இரட்டை வரிசைப் பல் உள்ள ஜிப்பில் அது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. ஏபிஎஸ் ஓடு கடினமானது, ஆனால் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அமுங்கி மீளும் என்று கையால் அழுத்திக் காட்டினார். சக்கரம் திருகாணியில் நிற்கிறதா, தட்டி அடித்த ஆணியில் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். திருகாணியென்றால் உள்துணியைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். வெறும் பெட்டியின் எடையையும் பார்க்கச் சொன்னார். 23 கிலோ அனுமதியில் பெட்டியே 5 கிலோவைத் தின்றுவிட்டால் பேரீச்சம்பழத்துக்கு எங்கே போவது?

கடையில் 2,200 ரூபாய்க்கும் பெட்டி இருந்தது. 14,500 ரூபாய்க்கும் இருந்தது. வீட்டார் இழுத்துப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து 6,800 ரூபாய்ப் பெட்டியை எடுத்தார்கள். 14,500க்கும் அதற்கும் சக்கரத்திலும் ஜிப்பிலும் எங்கள் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை, பெயரில் தெரிந்தது. 6,800 ரூபாய் ஒரு மத்ரஸா ஆசிரியரின் வீட்டில் சிறிய தொகை அன்று. ராத்தாவும் நாங்களும் பாதிப் பாதி போட்டோம். அடையாளத்துக்கு வீட்டாரின் பழைய பச்சைத் துப்பட்டாவிலிருந்து ஒரு கீற்றைக் கைப்பிடியில் தைத்தோம்.

ராத்தா திரும்பி வந்த பின் அடுத்த தெருவிலிருந்து இரவல் கேட்டார்கள். கொடுக்கத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றாடம் புழங்கும் சிறு பொருட்களை அண்டை அயலாருக்குக் கொடுக்க மறுப்போரைப் பற்றி மாஊன் அத்தியாயம் எச்சரிப்பதை, அந்த வாரம்தான் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்திருந்தோம். வாளி, கோடரி, பானை என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடும் வரிசையில் எங்கள் தெருவுக்குப் பெட்டியும் சேர்ந்துகொண்டது. இதுவரை ஐந்து பயணம் போய்விட்டது. பயணத்துக்கு 1,360 ரூபாய் ஆகிறது என்று வீட்டார் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரே பயணத்தில் முடிந்துபோன அந்தப் பழைய பெட்டியின் விலையை அவர்கள் சொல்லவில்லை, எங்களுக்கு மறக்குமா?

சென்ற வாரம் பெத்தும்மா வந்தார்கள். பேரன் துபாயிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறாராம். மகளோடு உம்ராவுக்குப் போகிறார்கள். "பெட்டி இருக்கா வாப்பா?" என்று கேட்டார்கள். பெட்டி அப்போது மதீனாவில் இருந்தது. வெள்ளிக்கிழமைதான் திரும்பும் என்றோம். காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

கொண்டுபோனவர்கள் நேற்றிரவு பேசியபோது ஒரு சக்கரம் ஆடுவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் அதை டவுனுக்கு எடுத்துப்போக வேண்டும்.