ஒருவித்திலை, இருவித்திலை, எங்கள் பருத்தி

பிளஸ் ஒன் தாவரவியலில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று உண்டு. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களை வேறுபடுத்துக. ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் மனப்பாடம். என்னோடு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நானும் அதற்கு முழு மார்க் வாங்கியவன்தான். அதே வருஷம்தான் எங்கள் பருத்தி போனது.

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம், மானாவாரி கரிசல். சித்தப்பா இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் பக்கத்தில் ஒரு ஏக்கரில் பருத்தியும் போட்டிருந்தார். சோளத்தில் களை மண்டிவிட்டது என்று 2,4-டி வாங்கி வந்து அடித்தார். களை சுருண்டு காய்ந்தது, சோளம் ஜம்மென்று நின்றது. நாலு நாள் கழித்து அதே டேங்கை ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, பருத்திக்குப் பூச்சிமருந்து கலந்தார். நான் அப்போது வரப்பில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன்! டேங்கைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் பருத்திக் குருத்தெல்லாம் வளைந்தது. புது இலைகள் பருத்தி இலை மாதிரியே இல்லை, விரல் விரலாக நீண்டு வந்தன. மொட்டு கொட்டியது. "சோளத்துக்கு ஒண்ணும் ஆகலையே, இதுக்கு மட்டும் எப்படிடா?" என்று சித்தப்பா கேட்டபோதுதான் அந்த ஐந்து மார்க் கேள்வி மண்டையில் உறைத்தது.

2,4-டி என்பது செடிக்குள் இருக்கும் ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் மாதிரி நடிக்கிற சரக்கு. இருவித்திலைச் செடி அதை நிஜம் என்று நம்பித் தாறுமாறாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகிறது. நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினங்கள் அதைப் பெருமளவு உடைத்துச் செயலிழக்க வைத்துவிடும். பருத்தியோ இந்த மருந்துக்கு ரொம்ப சீக்கிரம் அடிபடுகிற பயிர். டேங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருந்த மிச்சமே போதுமாக இருந்திருக்கிறது.

"அப்போ அகல இலைன்னா சாகும், ஒல்லி இலைன்னா பிழைக்கும், அப்படித்தானே?" என்றார் சித்தப்பா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழை இலை எவ்வளவு அகலம், அது ஒருவித்திலை. சரி, நரம்பைப் பார்க்கலாம் என்றால் சேம்பு இலை காலை வாரும்; வலைப்பின்னல் நரம்பு இருந்தும் அது ஒருவித்திலைதான். ஒருவித்திலை என்பதற்காக எல்லாமே மருந்துக்குத் தப்பிக்கும் என்றும் கிடையாது. முளைக்கும்போது பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பருத்தியும் புளியும் இரண்டு கைகளை விரித்தபடி மண்ணைவிட்டு வரும். சோளம் ஒற்றை ஊசியாக வரும். வளர்ந்தபிறகு வேரைப் பிடுங்கலாம் (ஆணிவேரா, சல்லிவேரா), பூவிதழை எண்ணலாம் (மூன்றின் மடங்கா, நாலு ஐந்தா). ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்டை வெட்டிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். தென்னையில் ஆண்டு வளையமே இருக்காது. வருஷா வருஷம் பருமனைக் கூட்டும் கேம்பியம் அதில் இல்லை. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற மாதிரி தென்னைக்குக் கட்ட முடியாததும் இதனால்தான். வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் பிரித்திருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்!

புத்தகக் கோடும் இப்போது அவ்வளவு நேராக இல்லை என்பது தனிக்கதை. 1998-இல் மரபணுவை வைத்துப் பூக்கும் தாவரங்களைப் புதிதாக வகைப்படுத்தினார்கள். அதன்படி மிளகும் வெற்றிலையும் சீத்தாவும் ஒருவித்திலையும் இல்லை, மெய்யான இருவித்திலைக் கூட்டமும் இல்லை, தனி வகையறா. பரீட்சையில் எழுதினால் மார்க் வருமா என்று கேட்காதீர்கள் :-)

இதையெல்லாம் திண்ணையில் வைத்துச் சொல்லி முடித்தேன். சித்தப்பா முழுதும் கேட்டார். "இவ்வளவும் தெரிஞ்சுதான் அன்னைக்கு வரப்புல உக்காந்திருந்தியாடா?" என்றார். திட்டவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வாங்கிவிட்டார். அதன் முதுகில் சிவப்பு பெயிண்டில் 'மக்கா' என்று எழுதியது நான்.