பிரேக் போட்டால் தாண்டவம்

திருவாலங்காடு ஆட்டத்துக்குப் பேர் போன ஊர். ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான். காளியோட போட்டி போட்டு சிவன் காலைத் தலைக்கு மேல தூக்கி ஆடினார்னு புராணம். காரைக்கால் அம்மையார் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டே அவர் காலடியில தங்கிட்டாங்க. அதெல்லாம் சாமி ஆட்டம். நான் சொல்லப் போறது எங்க சித்தப்பா பையனோட பிக்கப் வண்டி ஆடின ஆட்டம் :-)

தம்பி ராத்திரியில கோயம்பேட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவன். அறுபதுல போய் பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் ரெண்டு கையையும் உதறும். பெடல் காலுக்கு அடியில துடிக்கும். ஒரே வருஷத்துல ரெண்டு தடவை முன் டிஸ்க் மாத்திட்டான். மாத்தினா மூணு மாசம் வெண்ணெய் மாதிரி நிக்கும், அப்புறம் பழைய கதை. ரெண்டாவது தடவைக்கு அவன் பொண்டாட்டி கம்மல் அடகுக்குப் போச்சு. மூணாவது தடவையும் மெக்கானிக், "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சி, புதுசு போட்டுடலாம்"னு சொல்லியிருக்கார்.

"இன்னாண்ணா பண்றது, வண்டிய வித்துடலாமா?"ன்னு வந்து நின்னான். ஆடிக் கிருத்திகைக்குப் பதினைஞ்சு நாள்தான் இருந்தது. அன்னைக்குத் திருத்தணி ரோடு எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ரோடு முழுக்கக் காவடி, கைக்குழந்தை, மொட்டைத் தலைங்க. இவன் பூ லோடு ஏத்திக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள போகணும். ஆட்டத்துக்குப் பயந்து பிரேக்கைப் பாதிதான் மிதிக்கிறேன்னு வேற சொன்னான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

முதல்ல ஆட்டம் எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கணும். பிரேக் போடாம ஓடும்போதே ஆடினா வீல் பேலன்ஸ், டயர் பக்கம் தேடணும். இது பிரேக்குல மட்டும்தான். ஸ்டியரிங் உதறினா பெரும்பாலும் முன்பக்கம், சீட்டும் பாடியும் அதிர்ந்தா பின்பக்கம். உறுதி பண்ணிக்க, ஆளில்லாத ரோட்டுல முப்பதுல போகச் சொல்லி, ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே மெதுவா இழுத்தோம். அது பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். வண்டி ஆடாம நின்னுச்சு. அப்போ கோளாறு முன்னாடிதான்.

ஜாக்கி போட்டு வீலை ஆட்டிப் பார்த்தோம். பேரிங், பால் ஜாயிண்ட் ரெண்டுலயும் லூசு இல்ல. வீலைக் கழட்டினா, இடது காலிப்பர்ல ஒரு ஸ்லைடு பின் கிரீஸ் காஞ்சு இறுகிப் போயிருந்தது. உள்பக்க பேடு தேஞ்ச அளவுல பாதி கூட வெளிப்பக்க பேடு தேயல. ஆனா இது மட்டும் காரணமா இருக்காதுன்னு பட்டுச்சு.

என்கிட்ட டயல் கேஜ், மைக்ரோமீட்டர் ரெண்டும் உண்டு (மெஷின் ஷாப் பிழைப்பு). டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, கேஜ் முள்ளை மேல வெச்சு மெதுவா சுத்தினேன். வலது பக்கம் 0.04 மி.மீ. கோணல், ஒண்ணும் பிரச்சினை இல்ல. இடது பக்கம் 0.18! 0.1 தாண்டினாலே வம்புதான். டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தா, அது உக்கார்ற ஹப் முகத்துல துரு செதில் செதிலா நிக்குது. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுச் சுத்தமாத் தேய்ச்சு, அதே டிஸ்க்கை திரும்ப மாட்டினேன். 0.06. ஆக, டிஸ்க் வளையவே இல்ல. துரு மேல சாஞ்சு உக்காந்திருந்தது, அவ்ளோதான்.

அப்புறம் ஏன் மூணு மாசம் கழிச்சு ஆடுது? எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கோணலா உக்காந்த டிஸ்க், பிரேக் போடாதப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை பேடை லேசா உரசும். ஒரே இடத்துல உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டர்ல அந்த இடம் மட்டும் மெலிஞ்சு போகும். பிரேக் போடும்போது தடிச்ச இடம் வந்தா பிஸ்டன் பின்னாடி போகும், மெலிஞ்ச இடம் வந்தா முன்னாடி வரும். அந்தத் துடிப்பு பிரேக் ஆயில் வழியா பெடலுக்கு வருது, சக்கரத்து வழியா ஸ்டியரிங்குக்குப் போவுது. மைக்ரோமீட்டர்ல எட்டு இடத்துல அளந்தேன். வித்தியாசம் 0.03 மி.மீ. தலைமுடி தடிமன்ல பாதி கூட இல்ல, ஆனா அறுபது கிலோமீட்டர்ல ஒரு ஆளைக் கதிகலங்க வைக்க அது போதும்.

துருவுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. பன்ச்சர் கடையில காத்து கன்னை வெச்சு நட்டை டர்ருனு இறுக்குறாங்களே, அது. ஒரு நட்டு அதிகம், இன்னொண்ணு கம்மின்னு இறுகினா டிஸ்க் நடுவுல கோணிக்கும்.

ரெண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கிட்டு அரக்கோணத்துல ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, "மினிமம் சைஸ் ஓரத்துலயே அடிச்சிருக்கும், அத்தப் பாரு மொதல்ல நைனா"ன்னார். பார்த்தோம், கடைஞ்ச பிறகும் அதுக்கு மேலதான் நிக்கும். ரெண்டையும் சேர்த்துதான் கடையணும்னு பிடிவாதமா நின்னார், நியாயம்தான். ஒரு பக்கம் மட்டும் பண்ணினா வண்டி ஒரு பக்கமா இழுக்கலாம். கூலி புது டிஸ்க் விலைக்குப் பக்கத்துலயே வரல.

ஸ்லைடு பின்னை சுத்தம் பண்ணி பிரேக்குக்குன்னே விக்கிற கிரீஸ் போட்டோம் (சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும்). புது பேடு. அஞ்சு நட்டையும் நட்சத்திரம் வரையற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு, டார்க் ரென்ச்சுல கையேட்டு அளவுக்கு. அப்புறம் சர்க்கரை ஆலை பக்கம் காலி ரோட்டுல, அறுபதுலேர்ந்து பத்து வரைக்கும் முழுசா நிறுத்தாம ஏழெட்டு தடவை இறக்கி, நடுவுல ஆற விட்டோம். சூடான பேடோட அப்படியே மிதிச்சு நின்னா, அந்த இடத்துல பேடு பூச்சு அப்பிக்கிட்டு மறுபடி ஆட்டம் காட்டும்.

கடைசித் தடவை தம்பி ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுத்தி மிதிச்சான். சும்மா நின்னுச்சு. அவன் ஒண்ணும் பேசல. இறங்கிப் போய் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு வந்தான்.

ஆடிக் கிருத்திகை நல்லபடியா முடிஞ்சது. போன மாசம் டயர் பன்ச்சர் ஆகி கடைக்குப் போனவன், "கன்னு வேணாம்ணா, கையில இறுக்கு"ன்னு டார்க் ரென்ச்சை நீட்டியிருக்கான். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இத்தயும் நானே புடிச்சா பத்து ரூபா சேத்துக் குடு"ன்னாராம்.