பாட்டுக்கு ஏது விடைத்தாள்?

தவளக்குப்பம் ஜங்ஷனில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் படியில் கால் வைக்க இடம் கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள்தான். அந்தக் கூட்டத்தில் இரண்டரை வருஷமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றியது இது. பட்டப்படிப்பில் இசை எடுத்துப் படிக்கிறாள். பெயர் வேண்டாம். கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. தியரியில் 81. வாய்ப்பாட்டு பிராக்டிகலில் 52.

52 என்பது பாஸ்தான். ஆனால் மேற்படிப்புக்கு அவள் போட்டு வைத்திருந்த கணக்கு இந்த ஒரு மார்க்கில் இடிந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியை எடுத்துப் பரண் மேல் வைத்தாள். மூன்று வாரம் அது இறங்கவில்லை. அம்மாவுக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் கிடையாது. "பாட்டுக்கு மார்க் போட்டவங்க, எந்த எடத்துல தப்புன்னு சொல்ல மாட்டாங்களாடி?"

நடந்தது இதுதான். தேர்வு நாளில் அவள் இரண்டாவது நம்பர். கல்யாணியில் கொஞ்சம் ஆலாபனை, ஒரு கீர்த்தனை, நான்கு ஆவர்த்தனம் கல்பனாஸ்வரம். உள்ளே இருந்தது மொத்தம் பத்து நிமிஷம். பாடி முடித்ததும் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்.

"யார்கிட்ட கத்துக்கற?"

"காலேஜ்லதான் சார்."

"அது சரி. வெளியில?"

"வெளியில யாரும் இல்ல சார். தாத்தாகிட்ட கொஞ்சம்."

"தாத்தா வித்வானா?"

"ஊர்ல மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பாரு சார்."

"சரி" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். அவ்வளவுதான். அந்த 'சரி'யைத்தான் அவள் மூன்று வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது கேலியா, சாதாரணமா, அல்லது வெறும் களைப்பா?

வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. ஓர் ஆசிரியரின் வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லோருமே 75-ஐத் தாண்டினார்கள் என்று. இது சந்தேகம்தான், ஆதாரம் கிடையாது. தனியாகக் கற்பவர்கள் கூடுதலாகப் பழகி, நன்றாகவே பாடியிருக்கலாம். அதற்காகத்தானே தனியாகக் கற்கிறார்கள்! ஆனால் இது அநியாயமா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லையே, பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பி.காம். படிக்கிற ஒருவனுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் 35 வந்தால் என்ன செய்வான்? திட்டுவான், பணம் கட்டி ரீவேல்யுவேஷன் போடுவான். விடைத்தாள் ஒன்று எங்கேயோ மூட்டையில் கட்டிக் கிடக்கிறது. யாராவது அதைத் திரும்பப் பார்க்கலாம். எந்த ஸ்டெப்புக்கு எத்தனை மார்க் என்பது சிவப்பு மையில் இருக்கும். 1984-இல் மகாராஷ்டிரா கல்வி வாரிய வழக்கில், விதியில் இல்லாவிட்டால் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. சி.பி.எஸ்.இ.-க்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் நடந்த வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு அது. எத்தனையோ பேர் தங்கள் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

அவளும் மனு எழுதிக் கொடுத்தாள். பிராக்டிகலுக்கு மறுமதிப்பீடு கிடையாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு நியாயமும் இருக்கிறது. எதைத் திரும்ப மதிப்பிடுவது? அவள் பாடிய கல்யாணி அந்த அறையின் சுவரில் பட்டுக் கரைந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு தாளில் ஒரு எண். கணக்குப் படிப்பவர்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத என்ட்ரி. எந்த ஆடிட்டரும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

இந்தத் தகராறு நமக்குப் புதிதும் இல்லை. திருவிளையாடல் என்றதும் எல்லோருக்கும் 1965-இல் வந்த படமும், ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா மிரட்டியதும்தான் ஞாபகம் வரும். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் அந்தக் கதைக்குச் சற்றுத் தள்ளி, 44-ஆவது படலமாக 'இசைவாது வென்ற படலம்' என்று ஒன்று இருக்கிறது. வரகுணனுக்குப் பின் வந்த ராஜராஜ பாண்டியன், பாணபத்திரரின் மனைவிக்குப் போட்டியாக இலங்கையிலிருந்து ஒரு பாடினியை வரவழைக்கிறான். ராஜாவுக்குப் பிரியமான ஒருத்திக்குப் பாணபத்திரர் மனைவி மேல் இருந்த பொறாமைதான் காரணம். இரண்டு பேரும் சபையில் பாடுகிறார்கள். இலங்கைப் பாடினிதான் வென்றாள் என்கிறான் ராஜா. சபையில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் போடுகிறார்கள்! அந்த அம்மாள் என்ன செய்தாள்? கோயிலில் சோமசுந்தரர் முன்னால் திரும்பவும் பாட வேண்டும் என்றாள். அங்கே அதே ராஜாவின் வாயிலிருந்தே வேறு தீர்ப்பு வந்தது.

கவனித்தால் தெரியும், அவள் கேட்டது மார்க் இல்லை. வேறு இடத்தில், வேறு ஒருவர் முன்னால் இன்னொரு தடவை பாட ஒரு வாய்ப்பு. அவ்வளவே. அது இன்றைய பல்கலைக்கழக விதிகளில் கிடையாது.

புராணம் வேண்டாம் என்பவர்களுக்குப் பாரிஸ். மோரிஸ் ராவெல் என்ற இசையமைப்பாளர் பிரான்ஸ் அரசின் 'ரோம் பரிசு'க்கு 1900-த்திலிருந்து திரும்பத் திரும்ப முயன்றவர். 1905-இல் அவருக்கு வயது 30, அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குள் அவர் நாடறிந்த ஆள். அவருடைய நால்வர் தந்தி இசைப் படைப்பு முந்தைய வருஷமே மேடை ஏறியிருந்தது. அப்படிப்பட்டவரை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பினார்கள். இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தால், எல்லோருமே லெனெப்வூ என்ற ஒரே பேராசிரியரின் மாணவர்கள். அந்தப் பேராசிரியர் நடுவர் குழுவிலும் இருந்தார்! பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. அந்த வருஷமே பாரிஸ் இசைக் கல்லூரியின் இயக்குநர் துபுவா விலகி, ராவெலின் குரு ஃபோரே அந்த நாற்காலிக்கு வந்தார். (அப்போது தவளக்குப்பமும் அதே பிரெஞ்சு அரசின் கீழ்தான் இருந்தது. யாரும் இங்கே கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.) ஆனால் ஒன்று, ராவெலுக்குக் கடைசிவரை அந்தப் பரிசு கிடைக்கவில்லை. ஊரே கூடிக் கத்தியும் மார்க் மாறவில்லை.

கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் இது நடக்கும் என்பதுதான் இன்னும் சங்கடம். பெல்ஜியத்தில் குயின் எலிசபெத் இசைப் போட்டி உலகப் புகழ் பெற்றது. பியானோ இறுதிச் சுற்றில் 12 பேர், ஒரு நாளைக்கு இரண்டு பேராக ஆறு நாள். யார் எந்த நாள் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் என்ற இரண்டு பேர் பல வருஷத்து முடிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டு 1996-இல் எழுதினார்கள். முதல் நாள் வாசித்தவர்கள் மேலே வருவது கஷ்டம், பிற்பாடு வாசித்தவர்களுக்கு இடம் தாராளம். குலுக்கல் சீட்டுக்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் நடுவர்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. போட்டிக்கென்றே எழுதப்பட்ட புதுப் படைப்பு ஒன்றை எல்லோரும் வாசிக்க வேண்டும். நாள் போகப் போக அது நடுவர்களின் காதுக்கும் பழகிவிடுகிறது.

2003-இல் கின்ஸ்பர்க்கும் வான் அவர்ஸ் என்பவரும் அதைத் தொடர்ந்து பார்த்தார்கள். அப்படிக் குலுக்கல் தயவில் மேலே வந்தவர்களுக்குக்கூடப் பிறகு நல்ல வாய்ப்புகள் அமைந்ததாம். அதாவது தப்பாகப் போட்ட மார்க்கும் வேலை செய்கிறது. சரியான மார்க் மாதிரியே வேலை செய்கிறது. 'மார்க்கெல்லாம் ஒரு விஷயமா, திறமை இருந்தா மேல வரலாம்' என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தவளக்குப்பத்துப் பெண் அன்றைக்கு இரண்டாவது நம்பர்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. எல்லோர் பையிலும் செல்போன் இருக்கிறது. பத்து நிமிஷப் பாட்டைப் பதிவு செய்து வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. சுருதிக்கு இத்தனை, தாளத்துக்கு இத்தனை, ராக பாவத்துக்கு இத்தனை, கற்பனைக்கு இத்தனை என்று மார்க்கைப் பிரித்து எழுதி, கேட்டால் காட்டலாம். 'கலையை அப்படிக் கூறு போட முடியுமா' என்று பெரியவர்கள் கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் 52 என்று ஒரே எண்ணில் அடைக்க முடிகிறதே, அது மட்டும் எப்படி?

இதில் அவள் இழந்தது மார்க்கைவிடப் பெரியது. அதை அவளே ஒருநாள் பஸ்ஸில் வகுப்புத் தோழனிடம் சொன்னாள். சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டும்போது எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே வருபவள், இப்போது வாயைத் திறந்தால் சுருதி சேருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். தன் காதையே நம்ப முடியவில்லை. தப்பு எங்கே என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டதால் பாட்டு முழுக்கவே தப்பாகத் தெரிகிறது.

அந்தத் தோழன் தேர்வன்று வராந்தாவில் காத்திருந்தவன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

"உண்மைய சொல்லவா? கோச்சிக்காத."

"சொல்லு."

"ஆலாபனை சூப்பரா இருந்துச்சு. கல்பனாஸ்வரத்துல மேல் ஷட்ஜம் ரெண்டு தடவை நிக்கல. லேசா எறங்கிடுச்சு."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதுக்கு அம்பத்தி ரெண்டா?"

"அது எனக்குத் தெரியாது. நிக்கலன்னுதான் சொன்னேன்."

அதற்குப் பிறகு ஜங்ஷன் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த சனிக்கிழமை விடியற்காலையில் ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். செல்போனைத் தாத்தாவின் ஆர்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்துப் பதிவை அழுத்திவிட்டு, தேர்வில் பாடிய அதே கல்யாணியை அதே வரிசையில் பாடினாள். உடனே கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான் கேட்டாள். ஆலாபனை நன்றாக இருந்தது. கீர்த்தனையில் குறை இல்லை. மேல் ஷட்ஜம் ஒரு தடவை நின்றது, ஒரு தடவை லேசாக இறங்கியது.

பதிவை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொண்டு, தோழனுக்குப் போன் செய்தாள். "டேய், எறங்குதுடா" என்றாள். அவன் தூக்கத்திலிருந்து, "எது?" என்று கேட்டான்.